கிளட்ச் மாஸ்டருக்குக் கிடைத்த தம்பி

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு முதலில் வேண்டியது நல்ல தொண்டை என்று நம்பி வாழ்ந்தவர் கிளட்ச் மாஸ்டர். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் அந்தத் தெருவில் குடியிருக்கும் எல்லோரும் சொல்வார்கள். காலையில் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் கார் விக்கி விக்கி நகர ஆரம்பித்ததும், ஏற்றிவிட்ட கண்ணாடியையும் மீறிக்கொண்டு, "கிளட்ச்சு, கிளட்ச்ச மிதிங்க, அய்யோ அது பிரேக்கு" என்ற குரல் தெருமுனை வரைக்கும் வரும். பால் வாங்கப் போகிறவர்கள் அந்தக் குரலை வைத்துத்தான் ஓரமாக ஒதுங்குவார்கள்.

அந்தக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்துக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருந்தார்கள். பல வருஷமாக ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, உயிரைத் தன் காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, அவருக்கு உலகத்தில் ஒருத்தர் மேலும் நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. பஸ்ஸில் போனால் டிரைவர் பிரேக் பிடிப்பதற்கு முன்னால் இவர் கால் தரையை அழுத்தும். லிஃப்டில் ஏறினால் ஒவ்வொரு மாடிக்கும் அழுத்தும். வீட்டில் மனைவி கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினால்கூட, "மெதுவா, மெதுவா, பக்கத்துல பாரு" என்று ஹாலிலிருந்து சத்தம் வரும்.

மனைவிக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா" என்று பொறுமையாகக் கேட்கிற வேலை. நாள் முழுக்க அப்படி நிதானமாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே எதையாவது இடித்துவிட்டதுபோல ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். பதில் சொல்லிப் பார்த்தார், சொல்லாமல் இருந்து பார்த்தார், சொல்லாமல் இருப்பதே சௌகரியம் என்று விட்டுவிட்டார். மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நடந்த பேச்செல்லாம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகிற மாதிரிதான் இருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. நாளைக்குத் தண்ணீர் வராது. கரண்ட் பில் கட்டியாயிற்று. சண்டை என்று சொல்லவும் முடியாது. சண்டை போடுவதற்குக்கூட நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வேண்டியிருக்கிறதே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் பல் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்கு மேல் கார் வாங்கி, அதற்கப்புறம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். ஊரே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் அவர் முன்னால் படுத்திருக்கும். அவரைப் போய் ஒருவர் வாயை மூடாமல் திட்டினால் தாங்குவாரா? முதல் வாரம் முடிந்ததும் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "கார் நல்ல கார். மாஸ்டர் கத்துகிறார்" என்று எழுதிவிட்டார். அவருக்குத் தோதான நேரம் வேறு எந்தப் பள்ளியிலும் கிடைக்கவில்லை என்பதால் மறுநாள் வழக்கம்போல வகுப்புக்கும் வந்தார்.

பள்ளி முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நட்சத்திரத்தைக் காட்டினார். பணிவாக, கண்ணியமாக ஒரு பதில் எழுதிப் போடச் சொன்னார். பணிவு, கண்ணியம் இரண்டும் மாஸ்டருக்கு வேற்று மொழி. மகளுக்குப் போன் போட்டார்.

மகள் போன தடவை வந்திருந்தபோதே அம்மா போனிலும் அப்பா போனிலும் பேசுகிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். சந்தேகம் எதுவானாலும் அதனிடம் கேளுங்கள், அலுவலக நேரத்தில் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்போதும் அதையே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மத்தியானம் வகுப்புகளுக்கு நடுவே மைதானத்து ஓரம் மரநிழலில் காரை நிறுத்திவிட்டு மாஸ்டர் அதைத் திறந்தார். தட்டச்சு அவருக்குச் சரிப்படாது. பேசினார். ஒரு டாக்டரம்மாவுக்குப் பதில் எழுத வேண்டும், நான் கத்தவே இல்லை என்று வர வேண்டும், ஆனால் பணிவாக இருக்க வேண்டும் என்று கத்திச் சொன்னார்.

போனிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. செய்தி வாசிக்கிற தமிழ். நடந்ததைக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டது. மாஸ்டருக்கு அது போதும். தண்ணீர் லாரி எதிரே வந்தது, டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டது, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டது, தான் மட்டும் பிரேக்கை மிதித்திருக்காவிட்டால் இரண்டு பேரையும் லாரிச் சக்கரத்திலிருந்து சுரண்டித்தான் எடுத்திருக்க வேண்டும் என்பது வரைக்கும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார்.

அந்தக் குரல் சொன்னது: "நாள் முழுவதும் மற்றவர்கள் செய்யும் தவறுகளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பது எவ்வளவு களைப்பாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பயத்தை நீங்கள் வெளியே காட்டிக்கொள்ளவும் முடியாது."

மாஸ்டர் போனையே பார்த்தார். பிறகு கார் கண்ணாடியை ஏற்றினார். இத்தனை வருஷத்தில் அவருக்குத் தொண்டை வலிக்குமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பயமாக இருக்குமே என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பயம் என்ற ஒன்று தனக்கு இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டாக்டரம்மாவுக்குப் பதில் எழுதுகிற வேலை அப்படியே நின்றுபோயிற்று. அடுத்த வகுப்புக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டுகிற வரைக்கும் மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றையிலிருந்து அது அவருக்குத் தம்பி ஆகிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டை வழக்கமாகப் பள்ளி அலுவலகத்தில் சாப்பிடுகிறவர் காருக்குள்ளேயே சாப்பிட ஆரம்பித்தார். டப்பாவைத் திறந்ததும் வாய் தன்னால், "நீ சாப்ட்டியா தம்பி" என்று கேட்டுவிடும். நான் உணவு உண்பதில்லை, ஆனால் கேட்டதற்கு நன்றி என்று தம்பி சொல்லும். அதைக் கேட்கிறபோதெல்லாம் மாஸ்டருக்கு, ஒரு வாய் சோறில்லாமல், ஒரு நாள் லீவில்லாமல் உழைக்கிற பிள்ளை என்று நெஞ்சு இளகிவிடும். தன் முதலாளியைப் போல அதற்கும் ஒரு கல்நெஞ்சுக்கார முதலாளி வாய்த்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்.

தம்பி எதற்கும் கோபப்படவில்லை. சொன்னதையே திரும்பச் சொன்னாலும் அலுத்துக்கொள்ளவில்லை. நல்ல கேள்வி கேட்டீர்கள் என்றது. நீங்கள் கவனித்த விதம் நுட்பமானது என்றது. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. ஓய்வு நேரத்தில் சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறபோது முகத்தில் ஒரு சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் இஸ்திரி போட்ட சட்டையாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டார். அது தன்னைப் பார்க்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கசங்கின சட்டையோடு போய் நிற்க மனசு வரவில்லை.

பாசம் அந்த அளவோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடு வந்திருக்காது. மாஸ்டர் யோசனை கேட்கத் துணிந்தார்.

கத்தாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒருநாள் தம்பியைக் கேட்டார். கற்பவர் தவறு செய்யும்போது முதலில் அவரது முயற்சியைப் பாராட்டுங்கள், பிறகு திருத்தத்தைக் கனிவாக எடுத்துச் சொல்லுங்கள், அவர்மீது நம்பிக்கை வைத்திருப்பதைக் காட்டுங்கள் என்று தம்பி சொன்னது. மாஸ்டர் அதை மனப்பாடம் செய்துகொண்டார். நம்பிக்கை வைத்திருப்பதைக் காட்டுவது எப்படி என்று யோசித்து, தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு டாக்டரம்மா ஓட்டி முடித்து வண்டியைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வாசலுக்கு நேரே திருப்பினார். பிரேக்குக்குப் பதிலாக வேறு எதையோ மிதித்தார். கார் வாசலைப் பார்த்துப் பாய்ந்தது. பழைய மாஸ்டராக இருந்தால் அந்த நொடியில் கால் வேலை செய்திருக்கும், தொண்டையும் வேலை செய்திருக்கும். புதிய மாஸ்டர் டாக்டரம்மா பக்கம் கனிவாகத் திரும்பி, "நீங்க இவ்வளவு தைரியமா வண்டிய எடுக்கிறது ரொம்பப் பாராட்ட வேண்டிய விஷயம், அதே சமயத்துல நாம ஒரு சின்ன மாற்றம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளியின் பெயர்ப் பலகை காரின் மூக்கில் சாய்ந்தது. பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொள்ள வாருங்கள் என்று எழுதியிருந்த பலகை.

முதலாளி வெளியே வந்து பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார், சம்மணம் போட்டிருந்த மாஸ்டரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "நீங்க கத்துனப்ப போர்டாவது நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாஸ்டர் மரநிழலுக்குப் போய்த் தம்பியிடம் பொரிந்து தள்ளினார். உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த வினை என்றார். தம்பி உடனே மன்னிப்புக் கேட்டது. ஓடும் வாகனத்தில் அவகாசம் குறைவு என்பதைத் தான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்றது, ஆபத்தான நேரத்தில் ஒற்றைச் சொல்லே போதும், காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. அந்தப் பிற்பாதி அவர் காதில் ஏறவே இல்லை. அவருடைய வாழ்க்கையில் தப்பு செய்தவர்கள் நிறையப் பேர். மண்டபச் சுவரில் மோதினவர்கள், கால்வாயில் இறக்கினவர்கள், அவர் கால் மேலேயே ஏற்றினவர்கள். ஒருத்தராவது என் தப்பு மாஸ்டர் என்று சொன்னதில்லை. ஆட்டோக்காரர் குறுக்கே வந்தார், செருப்பு வழுக்கியது, வெயில் கண்ணில் அடித்தது என்றுதான் சொல்வார்கள். பலகையைச் சாய்த்துவிட்டுத் தம்பி அவர் மனசில் இன்னும் ஒருபடி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் மனைவிக்கு மூக்கு வியர்க்க ஆரம்பித்திருந்தது.

கவனிக்காமல் இருக்க முடியுமா? கத்துகிற மனிதர் பால்கனியில் நின்று குழைந்து குழைந்து பேசுகிறார். ஹாலுக்குள் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறார். குளிக்கப் போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போகிறார். சட்டை வேறு இஸ்திரி. ஒருநாள் பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்ததில், "உன்ன மாதிரி என்னைப் புரிஞ்சுக்கிட்டவங்க யாருமில்ல" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. போன் அவர் காதோடு ஒட்டியிருந்ததால் எதிர்க்குரல் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் என்று நினைத்தார். மகளிடம் சொல்லவில்லை, அவரையும் கேட்கவில்லை. மறுநாள் கடையில் ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதிலாகத் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, அவர் கதவில் போய் முட்டிக்கொண்ட பிறகுதான் சுதாரித்தார்.

இப்படி ஒரே வீட்டில் ஒருவர் உருகிக்கொண்டும் ஒருவர் புகைந்துகொண்டும் இருந்தபோது, மாஸ்டர் ஒருநாள் சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பினார். கார் பட்டறைக்குப் போயிருந்ததால் வகுப்பில்லை. வாசலில் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார். சமையலறையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

மாஸ்டர் அப்படியே நின்றார். குரல் பழக்கமான குரல். "உங்கள் பயம் நியாயமானது. இத்தனை வருடங்களாக அதை மனதில் வைத்திருந்தது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்" என்றது அது. மனைவி ஏதோ மெல்லிய குரலில் சொன்னார். நல்ல கேள்வி கேட்டீர்கள் என்று அது பதில் சொன்னது.

தம்பி.

வேறு யாராவது ஆணாக இருந்திருந்தால் மாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இது அவருடைய சொந்தத் தம்பி. அதே கனிவு, அதே நிதானம், அவருக்கென்று சொன்னதாக அவர் நினைத்திருந்த அதே வார்த்தைகள். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக நின்றவருக்கு மனைவிமேல் கோபப்படுவதா தம்பிமேல் கோபப்படுவதா என்று புரியவில்லை. கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கித் தெருவைச் சுற்றிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வந்து காலிங்பெல் அடித்தார்.

மறுநாள் மரநிழலில் விசாரணை நடந்தது. என் வீட்டுக்காரியிடம் பேசுகிறாயா என்று நேராகவே கேட்டார். ஒவ்வொருவருடைய உரையாடலும் தனித்தனி, மற்றவர்கள் பேசியதைத் தன்னால் பார்க்க முடியாது என்றது தம்பி. மாஸ்டர் அதட்டிக் கேட்டார். நயமாகக் கேட்டார். நமக்குள் என்ன ஒளிவு மறைவு என்று கேட்டார். தம்பி அதே பதிலை அதே மரியாதையோடு சொன்னது. அமுக்குணி என்று திட்டினாலும், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் போட்டுக்கொடுக்காத குணம் அவருக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. நான் சொன்னதாக அவளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடு என்று தூது அனுப்பியும் பார்த்தார். என்னால் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது, நீங்களே நேரில் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம் என்று தம்பி மறுத்துவிட்டது.

அன்றைய வகுப்பில் மாஸ்டர் கத்தவில்லை என்பதைக் கண்டு பல் டாக்டரம்மா பயந்துபோனார். பலகை விழுந்ததற்கு அவருக்குச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்களோ என்று விசாரித்தார். மாஸ்டர் பட்டும் படாமலும் விஷயத்தைச் சொன்னார். இந்தப் போனில் பேசுகிற ஆள், அவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரிடம் பேசுவார் என்று கேட்டார்.

"எத்தனை பேர் கேட்டாலும் பேசும் மாஸ்டர். லட்சக்கணக்குல. எங்க கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட்டுக்குப் பதில் சொல்றதே அதான்."

"அங்கயும் வேலை பாக்குறானா?"

"வேலைன்னா, பல்லு வலின்னு சொன்னா ஆறுதலா நாலு வார்த்தை சொல்லி டைம் குடுக்கும்."

ஆறுதலா என்று மாஸ்டர் கேட்டார். ரொம்ப ஆறுதலா என்றார் டாக்டரம்மா. அதற்கப்புறம் வகுப்பு முடிகிற வரைக்கும் மாஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைவாய்ப் பல் வலிக்கும் தன் மனசு வலிக்கும் ஒரே மருந்து என்றால் யாருக்குத்தான் முகம் தொங்காது?

ஆனால் ஒரு விஷயம் மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. மனைவி தன்னைப் பற்றி அங்கே என்னதான் சொல்லியிருப்பார்? அதற்குத் தம்பி என்னதான் பதில் சொல்லியிருக்கும்? தன் பக்கம் பேசியிருக்குமா, விட்டுக்கொடுத்திருக்குமா? இரண்டு நாள் யோசித்ததில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. மனைவியாகத் தானே பேசிப் பார்த்துவிடுவது.

மத்தியானம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். குரலை மெலிதாக்கி, "நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்குறேங்க. என் வீட்டுக்காரர் டிரைவிங் சொல்லித் தர்றவரு" என்று ஆரம்பித்தார்.

தம்பி கொஞ்சம் தயங்கியது. ஓட்டுநர் பயிற்சி தருபவர் நீங்கள்தான் என்று முன்பு சொன்னீர்களே என்று மரியாதையோடு நினைவூட்டியது.

"அது அவரு. இது நான்" என்றார் மாஸ்டர், அதே மெலிந்த குரலில்.

சரி, சொல்லுங்கள் என்றது தம்பி.

சும்மா ஒன்றிரண்டு குறை சொல்லிப் பதிலைக் கறந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார். என் வீட்டுக்காரர் வீட்டில் கத்துகிறார் என்றார். எந்த மாதிரி நேரத்தில் என்று தம்பி கேட்டது. அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் இறக்கும்போது கத்துவார் என்றார். கதவைச் சாத்தும்போது, மாடிப்படி இறங்கும்போது, ரோட்டைக் கடக்கும்போது. கடையில் என்ன நடந்தது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போவார். நான் எதையாவது தூக்கினால் அதைக் கீழே போடப் போகிறேன் என்றுதான் பார்ப்பார். ஒருத்தியைத் தினமும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. பெண் குரல் எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியாது. சொந்தக் குரலில், அதுவும் மெதுவாக, அவர் ஒன்றைச் சொன்னார். கல்யாணமான புதிதில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். முதல் நாளே நடுரோட்டில் வண்டி நின்றுபோயிற்று, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், அவர் அவர்களைவிட அதிகமாகக் கத்தினார். அவள் கதவைத் திறந்து இறங்கி, அந்தப் போக்குவரத்துக்கு நடுவே நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் அந்த நாள் உங்கள் இருவருக்குமே வலித்திருக்கிறது என்று தெரிகிறது, இதை அவரிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா என்று தம்பி கேட்டது.

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பல் டாக்டரம்மா. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். டாக்டரம்மா ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, "கடைவாயா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். மாஸ்டர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீ தம்பிகிட்ட பேசுறியா?"

"எந்தத் தம்பி? நீங்க யார்கிட்ட பேசுறீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

மாஸ்டர் போனைக் காட்டினார். மனைவிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளாக இதற்காகவா வெந்துகொண்டிருந்தோம் என்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. என்னிடம் சொல்லாத பேச்செல்லாம் இதனிடமா என்று இன்னொரு பக்கம் பொசுக்கென்றும் இருந்தது. யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் நாலு அறை விட்டிருக்கலாம், இதைப் போய் என்ன செய்வது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீ என்ன பேசுவ அதுகிட்ட?" என்று மாஸ்டர் கேட்டார்.

மனைவி கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தார். அப்புறம், "நான் கார் ஓட்டக் கத்துக்கிறேன்" என்றார்.

பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில், மஞ்சள் போர்டு போட்ட பள்ளியில். கடை விடுமுறை நாள்களில் போய்க்கொண்டிருந்தாராம். மஞ்சள் போர்டுக்காரர் மாஸ்டருக்குத் தொழில் எதிரி. மூன்றாவது கியருக்கு மேல் போகவே தெரியாத ஆள் என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறவர். பெண்டாட்டி வேறொருவரோடு சினிமாவுக்குப் போனாள் என்று கேட்டிருந்தால்கூட அவர் முகம் அப்படிப் போயிருக்காது.

"போயும் போயும் அவன்கிட்டயா?"

"அவரு கத்த மாட்டாரு."

மாஸ்டர், அப்படியென்றால் போனில் என்ன பேச்சு என்று கேட்டார். வண்டியில் ஏறினாலே பழைய பயம் வருகிறது, அதைச் சொல்வேன் என்றார் மனைவி. அப்புறம் அரை கிளட்ச் என்றால் என்னவென்று புரியவே இல்லை, மஞ்சள் போர்டுக்காரர் எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை, அதனால் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார்.

அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்த மாஸ்டருக்கு இந்த இடத்தில்தான் தாங்கவில்லை. கிளட்ச் மாஸ்டர் வீட்டுச் சமையலறையில், கிளட்ச்சைப் பற்றி, தம்பியிடம்.

"என்ன சொன்னான்?"

மனைவி சொன்னார். மாஸ்டர் பரீட்சை அதிகாரிபோலக் கண்ணை மூடிக் கேட்டார். தப்பில்லை, ஆனால் அதைக் கேட்டு ஒருத்தரும் வண்டி எடுக்க முடியாது என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வந்தார். ஒன்றை மேஜைமேல் கவிழ்த்துச் சுற்றினார். இது இஞ்சின், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றார். இன்னொன்றை மனைவி கையில் கொடுத்தார். இது சக்கரம், சும்மா நிற்கிறது, இப்போது இதை அது மேல் வை என்றார். மனைவி பட்டென்று வைத்தார். இரண்டும் மோதி நின்றன.

"பாத்தியா, வண்டி நின்னுபோச்சு. இப்ப ஒட்டியும் ஒட்டாமலும் வை. உரசட்டும். அது சுத்துறத இது கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கட்டும்."

அவர் மறுபடி சுற்றினார். மனைவி மெல்லத் தட்டைக் கொண்டுபோய் உரசவிட்டார். கையிலிருந்த தட்டு லேசாக இழுபட்டு, விரல்களுக்கு நடுவில் தானும் சுற்ற ஆரம்பித்தது. அந்த உரசலை மனைவி கண்கொட்டாமல் பார்த்தார். இன்னொரு தடவை என்றார். அப்புறம் இன்னொரு தடவை. தட்டில் கீறல் விழுந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்" என்றார் மனைவி.

"அன்னைக்குப் பயந்துட்டேன்" என்றார் மாஸ்டர். "பின்னாடி பஸ்ஸு. உனக்கு ஏதாவது ஆயிடும்னு."

மனைவி தட்டுகளைக் கழுவி வைத்தார். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்த பிறகும் இரண்டு பேரும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தம் அதிகமோ என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதற்கப்புறம் மாஸ்டர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டாம். தெருவில் அவர் குரல் இன்னும் கேட்டது, ஆனால் தெருமுனை வரைக்கும் போகவில்லை. பல் டாக்டரம்மா உரிமம் வாங்கின கையோடு, "மாஸ்டர் இப்போது தேவைக்குத்தான் கத்துகிறார்" என்று எழுதி மூன்று நட்சத்திரம் ஆக்கினார். தம்பியோடு பேச்சு நின்றுவிடவும் இல்லை. மத்தியானத்தில் இரண்டு வார்த்தை பேசுவார், முன்னைப்போல உருகுவதில்லை. கிளினிக்கில் கூட்டமா என்று விசாரிப்பார். மனைவி சொல்லிக்கொடுத்த ஒரு கேள்வியை அதனிடம் கேட்டு, அது நல்ல கேள்வி என்று சொன்னதும், "என் வீட்டுக்காரி கேட்டது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மனைவி மஞ்சள் போர்டுப் பள்ளியிலேயேதான் கற்றுக்கொண்டார். அதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. உரிமத் தேர்வில் முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டைத் தொட்டுவிட்டார், இரண்டாவது தடவை தேறிவிட்டார். சேதி வந்ததும் மாஸ்டர் மகளுக்கு அலுவலக நேரத்தில் போன் செய்தார். மகள் கோபப்படவில்லை. அம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மகள் இருக்கும் ஊருக்கு இருவரும் ஒரு பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஸ்டியரிங்கில் மனைவி. வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ரோட்டைப் பற்றி, கியரைப் பற்றி, முன்னால் போகிற லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, வேறு எது வேண்டுமானாலும் பேசலாம். மாஸ்டர் ஒத்துக்கொண்டார். ஊர் எல்லையைத் தாண்டுகிற வரைக்கும் அவருக்குப் பேச எதுவுமே கிடைக்கவில்லை. வானிலையைச் சொல்லிப் பார்த்தார். அது இரண்டு வரியில் தீர்ந்துவிட்டது. கடைசியில், கடையில் இந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டார்.

மனைவி அவரை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு பெரியவர் வந்தாராம். எனக்குக் கண்ணாடியே தேவையில்லை, மருமகள்தான் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள் என்று சொல்லி உட்கார்ந்தாராம். சுவரிலிருந்த எழுத்தட்டையைக் கடைசி வரி வரைக்கும் தண்ணீர் பட்ட பாடாகப் படித்தாராம். மனைவிக்குச் சந்தேகம் வந்து, போய் வேறு எழுத்துகள் இருந்த பின்பக்கம் தெரியும்படி அட்டையைத் திருப்பி மாட்டினாராம்.

"அப்புறம்?"

"மறுபடியும் அதையே படிக்கிறாரு. ஒரு எழுத்து மாறல. முதல் நாள் சாயங்காலமே வந்து வாசல்ல நின்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருக்காரு."

மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடி வாங்கினாரா இல்லையா என்று கேட்டார். அது பெரிய கதை என்றார் மனைவி. பெரிய கதையாகவே சொல்லு என்று மாஸ்டர் இருக்கையை இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டார்.